லைட்டர் சாக்கெட்டிலிருந்து வந்த இரண்டு சத்தங்கள்

போன ஞாயிறு கரூரிலிருந்து திண்டுக்கல் வரை கொடைக்கானல் எஃப்எம்மை இரைச்சல் இல்லாமல் கேட்டுக்கொண்டு போனோம். பக்கத்து சீட்டில் அப்பா. போன் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது, கண்ணாடியில் டேஷ்கேம் ஓடிக்கொண்டிருந்தது. இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ரேடியோ, சார்ஜர், கேமரா மூன்றும் ஒரே நேரத்தில் சண்டை போடாமல் ஓட எனக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளும் 1,765 ரூபாயும் ஆகின. பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வீண்.

வண்டி 2013 மாடல் சிறிய கார். அதோடு வந்த ஸ்டீரியோவில் ரேடியோவும் ஆக்ஸ் துளையும் மட்டும்தான், புளூடூத் கிடையாது. சிகரெட் லைட்டர் சாக்கெட் ஒன்றே ஒன்று. அதில் 149 ரூபாய்க்கு வாங்கிய இரட்டை யூஎஸ்பி சார்ஜர். ஒரு பக்கம் போன், மறுபக்கம் கேமரா. கேமரா மாட்டிய வாரத்திலிருந்துதான் தொல்லை. கொடைக்கானல் நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸில் மலை மேலிருந்து வருவதால் எங்கள் பக்கம் வரை கேட்கும், ஆனால் மெலிசாகத்தான் கேட்கும். அதன்மேல் ஓட்டுக்கூரையில் மழை பெய்வதுபோல ஒரு ‘ஸ்ஸ்ஸ்’. அப்பா கேட்கும் திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸ், அடியோடு மூழ்கிப் போனது. திருச்சி ஊருக்குள் நுழைந்தால் தனியார் எஃப்எம் எல்லாம் சுத்தமாகக் கேட்டன. சிக்னல் பலமாக இருந்தால் எஃப்எம் இந்த மாதிரி இரைச்சலை அமுக்கிவிடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இது போதாதென்று, போனை ஆக்ஸில் செருகிப் பாட்டுப் போட்டால் பாட்டுக்கு அடியில் ‘ஙொய்ய்ய்’ என்று ஒரு வண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டின் சுதி ஏறும், காலை எடுத்தால் இறங்கும்.

இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு. மற்ற தப்பெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

முதல் ஞாயிறு ஆன்டெனா. கம்பியின் அடியில் திருகு பச்சை பிடித்திருந்தது. சுத்தம் செய்தேன், மாற்றம் இல்லை. புதுக் கம்பி 280 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன், அப்போதும் மாற்றம் இல்லை. சார்ஜரைப் பிடுங்கினால் பழைய கம்பியிலேயே ரேடியோ ஒழுங்காகக் கேட்கிறது என்பதை முன்பே பார்த்திருந்தும் ஏன் ஆன்டெனா வாங்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கடைக்காரர் கையில் வைத்திருந்தார், வாங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். பானெட்டைத் திறக்காமலே, “தம்பி, டைனமோல டயோடு போயிருக்கும். கழட்டிப் பாத்துரலாம்” என்றார். பார்த்ததற்கு 200. டைனமோவைக் கழற்ற இன்னும் ஆயிரக்கணக்கில் ஆகும் என்றதும், “ஒரு வாரம் கழிச்சு வரேண்ணே” என்று நழுவிவிட்டேன். அவர் சொன்னது முழுக்கப் பிழையில்லை. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தம் டைனமோவிலிருந்து கிளம்புவதுதான். ஆனால் டைனமோ கெட்டிருந்தால்தான் அது காதுக்கு வரும் என்று கட்டாயம் இல்லை.

வீட்டில் நானே அளந்து பார்ப்போம் என்று 200 ரூபாய் மஞ்சள் மல்டிமீட்டரை எடுத்தேன். எஞ்சின் அணைந்திருக்கையில் பேட்டரி 12.5 வோல்ட், ஓடுகையில் 14.1. இரண்டும் சரி. டைனமோவில் பிறக்கும் ஏசியை டிசியாக்குவது டயோடு. அது கெட்டிருந்தால் டிசியோடு ஏசி அலையும் கலந்து வரும், அதனால் மீட்டரை ஏசிக்குத் திருப்பினேன். 30 வோல்ட் காட்டியது! ஒரு நிமிடம் அந்த அண்ணன் சொன்னது சரிதான் என்று தலையில் கை வைத்துவிட்டேன். அப்புறம் சந்தேகம் வந்து சிவப்பு, கறுப்பு முனைகளை மாற்றி வைத்தால் பூஜ்யம். இந்த மலிவு மீட்டர்களில் ஏசி அளவுக்கு உள்ளே ஒரே ஒரு டயோடுதான். டிசியைத் தடுக்க கண்டென்சர் கிடையாது. அதனால் டிசியை ஏசி ரேஞ்சில் அளந்தால் ஒரு திசையில் இரண்டு மடங்குக்கு மேல் காட்டும், மறு திசையில் ஒன்றும் காட்டாது. நண்பரிடமிருந்து நல்ல மீட்டர் ஒன்று இரவல் வாங்கி, ஹெட்லைட்டும் ஏர்கண்டிஷனர் ஃபேனும் போட்டு மறுபடி அளந்தேன். 0.04 வோல்ட். டயோடு போயிருந்தால் இது அரை வோல்ட்டை எட்டியிருக்கும். டைனமோ தப்பித்தது, நானும் தப்பித்தேன்.

அதே உற்சாகத்தில் சாக்கெட்டுக்குள் முனைகளை விட்டேன். நடுவில் உள்ள புள்ளி பிளஸ், சுற்றுச் சுவர் மைனஸ். கை நடுங்கி இரண்டையும் ஒரே முனையால் தொட்டுவிட்டேன். ‘டப்’. சாக்கெட் செத்தது, கூடவே ஸ்டீரியோவும் செத்தது. இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ். நீல நிற 15 ஆம்பியர். கடையில் நீலம் இல்லை, மஞ்சள் போடலாம் என்றார்கள். மஞ்சள் 20 ஆம்பியர். ஒயர் எரியாமல் காக்கத்தான் ஃபியூஸ், அதனால் வேண்டாம் என்று இன்னொரு கடைக்கு நடந்தேன். மூன்று 30 ரூபாய். இன்றுவரை மிச்சம் இரண்டும் கையுறைப் பெட்டியில் இருக்கின்றன.

மூன்றாவது ஞாயிறுதான் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். ஒரு தாளில் கட்டம் போட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். எஞ்சின் அணைத்து, சாவியை ஒரு நிலை மட்டும் திருப்பி, சார்ஜரைச் செருகினேன்: ரேடியோவில் மழை வந்தது, ஆக்ஸில் வண்டு வரவில்லை. எஞ்சினைப் போட்டேன்: மழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை, வண்டு வந்தது. போனை லைட்டர் சாக்கெட்டுக்குப் பதில் பவர் பேங்கில் செருகினேன்: ஆக்ஸில் வண்டு மாயம், ரேடியோவில் மழை அப்படியே. கேமராவின் ஒயரை மட்டும் பிடுங்கினேன்: மழை முக்கால்வாசி நின்றது, வண்டு அசையவில்லை.

இருபது நிமிட வேலை. இதை முதல் நாளே செய்திருந்தால் ஆன்டெனாவும் இல்லை, 200 ரூபாயும் இல்லை. மழைக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமில்லை. அது சார்ஜரும் கேமராவும் சேர்ந்து செய்வது. வண்டுக்கும் கேமராவுக்கும் சம்பந்தமில்லை; அது எர்த், அதாவது மைனஸ் ஒயர்கள் வண்டி பாடியில் சேரும் இடத்தின் பிரச்சினை.

முதலில் வண்டைப் பிடித்தேன். போனின் மைனஸ் சார்ஜர் வழியாக சாக்கெட்டின் எர்த்துக்குப் போகிறது. அதே மைனஸ் ஆக்ஸ் ஒயரின் வலை (உள் ஒயர்களைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னல்) வழியாக ஸ்டீரியோவின் எர்த்துக்கும் போகிறது. இரண்டு எர்த்தும் வண்டி பாடியில் வெவ்வேறு இடத்தில். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே கொஞ்சம் வோல்ட் வித்தியாசம் இருந்தாலும் அது ஆக்ஸ் வலை வழியாகப் பாய்ந்து பாட்டோடு கலக்கும். அளக்க மீட்டர் ஒயர் எட்டவில்லை. மூன்று மீட்டர் ஒற்றை ஒயரை ஜன்னல் வழியாக விட்டு பேட்டரி மைனஸில் கிளிப் போட்டேன். எஞ்சின் ஓட, ஏசி ஃபேன் முழு வேகத்தில்: ஸ்டீரியோ உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் 0.05 வோல்ட், சாக்கெட் சுவருக்கும் பேட்டரி மைனஸுக்கும் 0.23. ஃபேனை நிறுத்தினால் 0.23 என்பது 0.07-க்கு இறங்கியது. ஆக, ஃபேனும் சாக்கெட்டும் ஒரே போல்ட்டில் எர்த் ஆகின்றன, அந்த போல்ட் சரியில்லை.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு கன்சோலின் பக்கவாட்டு மூடியைப் பிரித்தேன். (கழற்றினால் ஸ்டீரியோவில் சேமித்த நிலையங்களும் கடிகாரமும் போய்விடும், முன்பே எழுதி வையுங்கள். அப்பாவிடம் திட்டு வாங்கினேன்.) உள்ளே 10 மி.மீ. ஸ்பேனர் பிடிக்கும் போல்ட் ஒன்று, அதன் கீழே நான்கு ஒயர்களின் வளையங்கள், அடியில் துரு. எமரி பேப்பரால் தகடு பளபளக்கும்வரை தேய்த்து, வளையங்களையும் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசினேன். 35 ரூபாய். மறுபடி அளந்தால் ஃபேன் ஓடும்போதும் 0.06. வண்டு பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. சத்தத்தைக் கூட்டி, பாட்டு நின்ற இடைவெளியில் காதைக் கொடுத்தால்தான் கேட்கும்.

மிச்சத்துக்கு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் (இந்த எர்த் வளையத்தை அறுப்பது) என்று விற்கும் சின்னக் குழலை ஆக்ஸ் ஒயருக்கு நடுவே செருகினேன், 320 ரூபாய். உள்ளே கட்டைவிரல் நுனி அளவு டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று. பாட்டு காந்தப்புலமாகத் தாண்டிப் போகும், செம்புத் தொடர்பு அறுந்துவிடும். வண்டு சுத்தமாகப் போனது. கூடவே கொஞ்சம் அடிச்சத்தமும் போனது. நாதஸ்வரக் கச்சேரி போட்டால் தவிலின் தொப்பிப் பக்கம் சற்று இளைத்துக் கேட்கிறது. எனக்கு மட்டும்தான் தெரிகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இதற்குள் மைத்துனர் ஒரு புளூடூத் ரிசீவர் கொடுத்து, ஒயரே வேண்டாம், இதைப் போடுங்கள் மாமா என்றார். அதை யூஎஸ்பியில் செருகி ஆக்ஸில் இணைக்க வேண்டும். ஐசோலேட்டரைக் கழற்றிவிட்டு மாட்டினேன், வண்டு திரும்பிவிட்டது. வராமல் என்ன செய்யும்? ரிசீவரும் அதே சார்ஜரில் மின்சாரம் எடுத்து அதே ஆக்ஸுக்குப் போகிறது. போனோடு மட்டும்தான் ஒயர் அறுந்திருக்கிறது, எர்த் வளையம் அப்படியே இருக்கிறது.

நான்காவது ஞாயிறு, ரேடியோவின் மழை இரைச்சலுக்கு வந்தேன். சார்ஜரைப் பிளந்தேன். எட்டுக் கால் 34063 ஐசி ஒன்று, ஒரு காயில், ஒரு டயோடு, இரண்டு கண்டென்சர். 12 வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி 5 வோல்ட் ஆக்கும் வேலை அதற்கு. அந்த வெட்டுகளின் மடங்குகள்தான் 936-இல் போய் உட்காருகின்றன. வெட்டிய குப்பை வெளியே போகாமல் தடுக்க உள்நுழையும் பக்கம் ஒரு வடிகட்டியும் இல்லை. அதைவிட மோசம், முனையைத் திருகிக் கழற்றினால் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஸ்பிரிங். உள்ளே ஏதாவது ஒட்டிக்கொண்டால் 15 ஆம்பியர் வரை அந்தச் சின்னப் பலகை எரிய வேண்டும்.

சரி, வடிகட்டியை நாமே போடுவோம் என்று பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து மஞ்சள் வளையக் காயில் ஒன்றைப் பிடுங்கி பிளஸ் ஒயரில் தொடராக வைத்தேன். பின்னால் 470 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர்கள். டிராயரில் இருந்தது 16 வோல்ட் வரை தாங்கும் கண்டென்சர், அதையே பற்றவைத்தேன். இரவு படுக்கும்போது ஞாபகம் வந்தது: வண்டியில் சாதாரணமாகவே 14.4 வரை போகும், அவ்வப்போது மேலே துள்ளவும் செய்யும். காலையில் 35 வோல்ட்டுக்கு மாற்றினேன். எல்லாம் சேர்த்து 70 ரூபாய்.

முதல் முயற்சியில் பலன் பூஜ்யம். பெட்டி பெரிதாகிவிட்டதால் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைக்க இடமில்லை, ஒரு முழ ஒயர் விட்டு வடிகட்டியைத் தள்ளி வைத்திருந்தேன். சார்ஜருக்கும் வடிகட்டிக்கும் நடுவே உள்ள அந்த ஒரு முழமே ஆன்டெனாவாக இரைந்தது. ஒயரை வெட்டி, சார்ஜர் பலகையை ஒட்டி வைத்த பிறகு திருச்சி வானொலி ஓரளவு தலை தூக்கியது. கொடைக்கானலில் ஒரு மாற்றமும் இல்லை. கிலோஹெர்ட்ஸுக்கு வேலை செய்யும் காயில் மெகாஹெர்ட்ஸுக்குச் செய்வதில்லை என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் அப்பாவின் பாக்கெட் ரேடியோ கை கொடுத்தது. அதை எஃப்எம்மில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைப்பதுபோல வண்டிக்குள் ஒவ்வொரு இடமாகப் பிடித்துப் பார்த்தேன். சாக்கெட்டருகே இரைச்சல் உண்டு. ஆனால் மிக அதிகமாக இருந்த இடம் நான் எதிர்பார்க்காதது: முன்கண்ணாடிக்கும் டிரைவர் கதவுக்கும் நடுவே உள்ள தூண். பிளாஸ்டிக் மூடியைப் பழைய ஏடிஎம் கார்டால் நெம்பிப் பிரித்தேன். (என் வண்டியில் அங்கே ஏர்பேக் கிடையாது. தூணில் ஏர்பேக் எழுத்து இருந்தால் கை வைக்காதீர்கள்.) உள்ளே நான் அழகாக ஒளித்து இறக்கிய கேமரா ஒயரும், கூரையிலிருந்து ஸ்டீரியோவுக்கு இறங்கும் ஆன்டெனா ஒயரும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. போதாக்குறைக்கு நானே பிளாஸ்டிக் டேக் போட்டு இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

டேக்கை வெட்டி, கேமரா ஒயரை வெளியே எடுத்து ஸ்டீயரிங் மேல் தொங்கவிட்டு ரேடியோவைப் போட்டேன். மழை தூறலானது. ஒட்டு மொத்த வேலையிலும் மனசு நிறைந்த நொடி அதுதான், செலவும் இல்லை. அப்புறம் ஒயரை இடப்பக்கத் தூண் வழியாக, கையுறைப் பெட்டிக்குப் பின்னால் சுற்றிச் சாக்கெட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்று மீட்டர் ஒயர் அரை சாண் மிச்சத்தோடு எட்டியது.

தூறலை நிறுத்த ஃபெரைட். மானிட்டர் ஒயரில் உருண்டையாக ஒரு முடிச்சு இருக்குமே, அதேதான். பிளந்து மூடும் வகை, நான்கு வாங்கினேன், ஒன்று 45 ரூபாய், மொத்தம் 180. சும்மா கவ்வவிட்டபோது வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. பெரிய துளை உள்ளதாகப் பார்த்து ஒயரை உள்ளே மூன்று சுற்று சுற்றி மூடியபோதுதான் தெரிந்தது. தடை சுற்றின் வர்க்கத்தில் ஏறும். மூன்று சுற்று என்றால் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. ஒன்று சார்ஜரை ஒட்டி, ஒன்று கேமராவை ஒட்டி. கேமராவும் தன் பங்குக்கு இரைகிறது என்பதால் இரண்டு முனையிலும் வேண்டும், நடு ஒயரில் போட்டுப் பயனில்லை. மிச்சம் இரண்டில் ஒன்றைப் போன் ஒயரில் போட்டேன், பெரிய மாற்றமில்லை.

ஐந்தாவது வாரம் ஒட்டுப்போட்ட சார்ஜரைக் கடாசிவிட்டு 650 ரூபாய்க்கு உலோக உடம்பு கொண்ட ஒன்றை வாங்கினேன். வாங்கும்போது கடையிலேயே முனையைத் திருகிப் பார்த்தேன், ஃபியூஸ் இருந்தது. பாக்கெட் ரேடியோவையும் எடுத்துப் போயிருந்தேன். கடைக்கு வெளியே வண்டியில் செருகிப் பார்க்க விட்டார்கள். முதலில் காட்டிய ஒன்று, விலை 900, பழைய 149-ஐவிட மோசமாக இரைந்தது. இரண்டாவதைத்தான் எடுத்தேன். அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, காதால்தான் முடியும்.

இன்னொரு முறை செய்ய நேர்ந்தால் வரிசையை அப்படியே திருப்பிப் போடுவேன். முதலில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கட்டம் போடுவது. அடுத்து ஒயர் போகும் பாதையைப் பார்ப்பது. மூன்றாவது எர்த் போல்ட். இவை மூன்றுக்கும் சேர்த்து எமரி பேப்பர் காசுதான். ஐசோலேட்டரும் ஃபெரைட்டும் அதன் பிறகு. வீட்டு வடிகட்டியைச் செய்யவே மாட்டேன். அந்த நாளை நல்ல சார்ஜர் தேடுவதில் கழித்திருக்கலாம். கேமராவை சாக்கெட்டிலிருந்து எடுத்து ஃபியூஸ் பெட்டியிலிருந்தே தனியாக இணைக்கலாம் என்றும் ஓர் எண்ணம் உண்டு, அதற்கு வெயில் குறையட்டும்.

கொடைக்கானல் இப்போது சுத்தம். திருச்சி 936-இல் மட்டும், போனும் கேமராவும் சேர்ந்து ஓடினால், அடியில் லேசாக ஒரு கரகரப்பு இன்னும் இருக்கிறது. எனக்கு அது பரவாயில்லை. அப்பாவுக்கு இல்லை. செய்தி நேரம் வந்தால் இப்போதும் கையை நீட்டி சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத்தான் கேட்கிறார். கேமராவும் அந்தப் பத்து நிமிடம் அணைந்து கிடக்கிறது.